மூன்றில் ஒரு பங்கு

ஊசிக்காரம்மாவுக்கு வீட்டில் ஒரு பெயரும் சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயரும் இருந்தன. தெருவில் யாரும் இரண்டையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாட்டுப்பாலோடு ஆட்டுப்பாலும் வாங்குகிற பால் சங்கத்தில் அவள் கால்நடை உதவியாளர். இருபது வருஷமாக ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் தடுப்பூசி போட்டு வந்தாள். அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே ஆடுகள் கொட்டகை மூலைக்குப் போய் ஒண்டிக்கொள்ளும். ஆட்டுக்காரர்கள் மட்டும் சிரித்த முகமாக வாசலுக்கு வருவார்கள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தை அவள் சும்மா சம்பாதித்துவிடவில்லை.

அதனால்தான் சவுண்டல் மரத்தைக் கொண்டுபோய் வீடுகளில் சேர்க்கும் வேலையைச் சங்கத்து மேலாளர் அவள் தலையில் வைத்தார்.

சவுண்டல் என்பது அவரை, பட்டாணிக் குடும்பத்து மரம். புளிய இலை மாதிரி பொடிப்பொடியான இலை, தட்டைத் தட்டையாகக் கொத்தாகத் தொங்கும் காய். வெட்ட வெட்டத் தழையும். மழை பொய்த்தாலும் பச்சையாக நிற்கும். தழையில் இருக்கும் புரதச் சத்து கடையில் வாங்கும் தீவனத்துக்குக் குறைந்ததில்லை. மேலாளர் ஒரு நோட்டீஸ் அச்சடித்திருந்தார். தலைப்பு, ‘மரத்தில் காய்க்கும் புண்ணாக்கு’. கீழே பாதிப் பக்கத்துக்கு அவர் படம். வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு ஆட்டுக்குட்டியோடு, குட்டி எங்கே சட்டையை அழுக்காக்கிவிடுமோ என்று கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி. படத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில், ‘ஆடு கேட்கிற வரை போடலாம்’.

ஊசிக்காரம்மா அந்த நோட்டீஸையும் மரக்கன்றுகளையும் நாற்பத்து மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோனாள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குத் தானே வாசித்துக் காட்டினாள். சந்தேகப்பட்டவர்களிடம், “நான் சொல்றேன் இல்ல, போடுங்க” என்றாள்.

மரம் வளர்ந்த இரண்டாம் வருஷம் கோடை கடுமையாக வந்துவிட்டது. மேய்ச்சல் நிலமெல்லாம் தேய்த்து வைத்த பாத்திரம் போல வெறுமையாகக் கிடந்தது. வைக்கோல் கிடைக்கவில்லை. வேலியோரம் சவுண்டல் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. ஜனங்கள் அதை வெட்டி வெட்டிப் போட்டார்கள். ஆடுகளும் ஆசை ஆசையாகத் தின்றன. முதல் மாதம் பால் ஏறியது. தோல் மினுமினுத்தது. போகிற வீட்டிலெல்லாம் ஊசிக்காரம்மாவுக்கு மரியாதை தடபுடலாக இருந்தது.

மூன்றாம் மாதம் அண்ணி போன் செய்தாள்.

அண்ணி என்றால் ஒருவருக்கு மட்டும் அண்ணி இல்லை. அவள் புருஷன் செத்த பிறகு அவளும் அவள் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்து பதினாறு ஆடுகளை வளர்த்தார்கள். நாத்தனார் நாளெல்லாம் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவில் இருந்த பெரிசு சிறிசு எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வாய் கொஞ்சம் நீளம். கை சுத்தம். அவள் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஊசிக்காரம்மா போனபோது அண்ணி நேராகக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வெள்ளாட்டைப் பிடித்து நிறுத்தி அதன் முதுகில் கையை வைத்து இழுத்தாள். கை நிறைய முடி வந்தது. சீப்பில் வருவது போல நாலு இழை இல்லை, கொத்தாக, வேரோடு. இன்னொரு ஆட்டுக்கு வால் மொட்டையாக இருந்தது. எச்சில் நூல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து கிடந்தது.

“மொத்தக் கொட்டகைக்கும் வழுக்கை விழுந்துடுச்சு” என்றாள் நாத்தனார். சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை.

ஊசிக்காரம்மா உண்ணி இருக்கிறதா என்று பார்த்தாள். சொறியா என்று தோலைச் சுரண்டிப் பார்த்தாள். இரண்டும் இல்லை. தெரிந்த மருந்தைக் கொடுத்தாள், சத்து ஊசி போட்டாள். வேறு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டபோது, நீ கொடுத்த தழையைத் தவிர இந்தக் கோடையில் வேறு எதைப் போட முடியும் என்று அண்ணி திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வி உறைத்திருக்க வேண்டும். அன்றைக்கு உறைக்கவில்லை.

பத்து நாளில் சினை ஆடுகள் குட்டி போட ஆரம்பித்தன. முதல் ஆடு போட்ட இரண்டும் செத்துப் பிறந்தன. அடுத்தது போட்டது உயிரோடு வந்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் மத்தியானத்துக்குள் போய்விட்டது. மூன்றாவது ஆட்டுக்கு ஊசிக்காரம்மாவே பக்கத்தில் இருந்தாள். குட்டி கைக்கு வந்தபோது பூனைக்குட்டி அளவுகூட இல்லை. உடம்பில் முடி சரியாக முளைக்கவில்லை. தொண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. வாயைத் துடைத்து, மூக்கில் ஊதி, துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். தாய் ஆடு குனிந்து அதை நக்கிக்கொண்டே இருந்தது.

அண்ணி அப்போதும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஊசிக்காரம்மாவுக்கு.

மறுநாள் காலை அவள் மேலாளர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். இன்னும் எட்டு வீட்டிலிருந்து இதே புகார் வந்திருப்பதையும், சவுண்டல் தழைமேல் சந்தேகமாக இருப்பதையும் சொன்னாள். மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே சங்கத்தின் மாதிரிப் பண்ணை தெரிந்தது. அங்கே இருபது ஆடுகள், வாங்கி வந்த நாள் முதல் சவுண்டல்தான் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஒரு முடி கொட்டவில்லை. குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

“அதே தழை, அதே வெயில். நம்ம ஆடு மட்டும் எப்படிம்மா நல்லா இருக்கு?” என்றார். “அவங்களுக்குப் பராமரிக்கத் தெரியல. எதையாவது போட்டுத் தொலைச்சிட்டு மரத்து மேல பழியைப் போடறாங்க.”

மேஜைமேல் ஒரு அறிக்கை தயாராக இருந்தது. இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில், ‘உரிமையாளரின் பராமரிப்புக் குறைபாடு, கொட்டகைச் சுத்தமின்மை’ என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அண்ணியின் கொட்டகையை மேலாளர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவர் அறையின் மூலையில் ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது. ஊசிக்காரம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். அவர் மெஷினை மிதித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை எங்காவது தூக்கி அடிப்பார்கள், அதற்குத் தயாராக இருந்துகொள் என்றார். போடச் சொல்கிறாரா என்று அவள் கேட்டாள். மெஷின் நின்றது. “நீ போட மாட்டேன்னு தெரியும். அப்புறம் எதுக்கு நான் சொல்லி அசிங்கப்படணும்?” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

அடுத்த நாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வாளியில் ஐஸ் போட்டு, செத்த குட்டி ஒன்றையும் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு பெரிய ஊரில் இருந்த கால்நடை ஆய்வகத்துக்குப் பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் வாளியில் மீனா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆய்வகத்து டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிறவர். குட்டியின் கழுத்தை ஒரு தடவை தொட்டவுடனே சவுண்டலா என்று கேட்டார். ஊசிக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். சவுண்டல் நல்ல தீவனம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் தழையில் மிமோசின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. கொஞ்சமாகப் போனால் ஒன்றும் செய்யாது. அதையே வயிறு நிறையத் தின்றால் முதலில் முடி கொட்டும், எச்சில் ஒழுகும். பிறகு தைராய்டு சுரப்பி கெட்டுக் கழுத்து வீங்கும். சினை ஆடாக இருந்தால் வயிற்றில் இருக்கும் குட்டிக்குத்தான் முதல் அடி.

மாதிரிப் பண்ணை ஆடுகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டாள். அவை எங்கிருந்து வந்தன என்று டாக்டரம்மா கேட்டார். சவுண்டல் காடாக வளரும் தொலைதூரத்து ஊர் ஒன்றிலிருந்து வாங்கி வந்தவை.

“அதான் விஷயம். அங்க ஆடுங்க தலைமுறை தலைமுறையா இதைத் தின்னுது. அந்த நஞ்சை உடைக்கிற நுண்ணுயிர் அதுங்க வயித்துல இருக்கு. உங்க ஊர் ஆட்டுக்கு அது கிடையாது. இதெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடியே உங்க சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தாச்சே.”

அலமாரியிலிருந்து நகலை எடுத்துப் போட்டார். நோட்டீஸில் இருந்த வாக்கியங்களெல்லாம் அதில் அப்படியே இருந்தன. கூடவே நோட்டீஸில் இல்லாத ஒரு வரியும் இருந்தது. ‘மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் போடக்கூடாது, சினை ஆடுகளுக்கு அறவே வேண்டாம்.’

ஊசிக்காரம்மா அந்த வரியை விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தாள். காது சூடானது. அச்சான நோட்டீஸை நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டபோது டாக்டரம்மா, எழுதிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன் என்றார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, அது என் தப்புதான், நானே வந்து அந்த ஆடுகளுக்கு வைத்தியம் செய்கிறேன் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் விலாசம் இருந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால், மை நாற்றமும் காகிதத் தூசியுமாக ஒரு நீள அறை. அச்சகக்காரர் எதையும் எறியாத ஆள். ப்ரூஃப் தாள்களை வருஷவாரியாகக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். அரைமணி நேரம் தும்மித் தும்மித் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் அந்த வரி இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் மேலாளரின் கையெழுத்தில், ‘இந்த வரி வேண்டாம், படித்தால் மிரண்டுவிடுவார்கள். படத்தைப் பெரிதாக்கவும்.’ கீழே அவருடைய சுருக்கொப்பம்.

“நான்கூடக் கேட்டேம்மா, ரெண்டுமே கொள்ளுமேன்னு” என்றார் அச்சகக்காரர். “படம் சின்னதா இருந்தா சோபிக்காதுன்னாரு.”

ஊசிக்காரம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறும் பழக்கம் கிடையாது. அன்றைக்கு ஏறியது. அச்சக வாசலில் நின்றபடி, அந்த வரிக்கு எத்தனை இடம் வேண்டியிருக்கும் என்று விரலால் அளந்து பார்த்தாள். ஒரு விரல்கடை. அந்த ஒரு விரல்கடையைத் தன் படத்துச் சட்டைப் பொத்தானுக்காக அந்த மனுஷன் எடுத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வருஷமாக அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ‘நான் சொல்றேன் இல்ல’ என்று வாசல் வாசலாகப் போனவள் இவள். யார்மேல் அதிகக் கோபம் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடியது. மேலாளர் இறப்பு அறிக்கையை வாசித்தார். பராமரிப்புக் குறைபாடு என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு ஆட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள்; அண்ணியும் நாத்தனாரும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அண்ணி எழுந்தாள். உங்கள் நோட்டீஸில் போட்டிருக்கிறபடிதான் நான் செய்தேன், எதில் குறை வைத்தேன் என்று சொல்லுங்கள் என்றாள். மேலாளர், எதற்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா, அது நமக்கே தெரிய வேண்டாமா என்று சிரித்துக்கொண்டு கேட்டார். குழுவில் இரண்டு பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஊசிக்காரம்மா முன்னால் போய் டாக்டரம்மாவின் நகலையும் ப்ரூஃப் தாளையும் நோட்டீஸையும் தலைவர் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

“அளவு எழுதித்தான் வந்துச்சு. சார் அடிச்சிட்டாரு” என்றாள். “அண்ணி கொட்டகையில குறை இல்ல. குறை நம்ம காகிதத்துல. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். இந்த அறிக்கையில நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

தலைவர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மேலாளர் அது அச்சகத்தில் நடந்த தவறு என்று ஆரம்பித்தார். சுருக்கொப்பத்தைப் பார்த்ததும், ஜனங்கள் பயந்துபோய் நல்ல திட்டத்தை ஒதுக்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் செய்தது என்று மாற்றினார். படத்தைப் பற்றித் தலைவர் கேட்டார். மேலாளர் நோட்டீஸைத் தன் பக்கம் இழுத்து மடிக்கப் பார்த்தார். சிரித்த இருவரும் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கை கிழிந்தது. நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. மேலாளருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். ஊசிக்காரம்மாவை வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லச் சொன்னார்கள். தப்புச் செய்தவர் நாற்காலியில் இருக்க, நாற்பத்து மூன்று வாசலிலும் தலைகுனிய அவள் போனாள். சில வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். சில வீட்டில் வாசலிலேயே நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். ஒருவர் அவள் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, முழுக்கத் திட்டி முடித்த பிறகுதான் கொடுத்தார். அவள் எதற்கும் சமாதானம் சொல்லவில்லை. சங்கத்துக் கிடங்கில் இருந்த உலர் புல்லை அந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும் என்று தலைவரிடம் நின்று சண்டை போட்டு வாங்கி வந்தாள்.

டாக்டரம்மா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஒருநாள் காலையில் வந்து, மாதிரிப் பண்ணை ஆடுகளின் வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சாறு எடுத்தார். பச்சையாக, குமட்டுகிற நாற்றத்தோடு இருந்தது. துணியில் வடிகட்டி, சூடு ஆறாமல் பிளாஸ்கில் ஊற்றி, அவரும் ஊசிக்காரம்மாவும் வீடு வீடாகக் கொண்டுபோய் ஆடுகளின் வாயில் புகட்டினார்கள். நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர் இப்படித்தான் ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குப் போகுமாம். நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, நல்லவேளை இது நமக்கான மருந்து இல்லை என்றாள். அதற்கு அண்ணி, மேலாளருக்கு ஒரு டம்ளர் மிச்சம் வை என்றாள். பல நாளுக்குப் பிறகு அந்தக் கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

ஏழெட்டு வாரத்தில் முதுகில் புது முடி பூனை ரோமம் மாதிரி அரும்பியது. மரத்தை வெட்டிவிடலாமா என்று நாத்தனார் கேட்டபோது அண்ணி விடவில்லை. “மரம் என்ன பண்ணுச்சு? அது எதையும் மறைக்கலையே” என்றாள். தழையை அளந்து, புல்லோடு கலந்து போட ஆரம்பித்தாள். சினை ஆடுகளை மட்டும் தனியே பிரித்துக் கட்டினாள்.

ஆனால் அவள் மனம் ஆறவில்லை. கொட்டகைச் சுத்தமின்மை என்று எழுதியவன் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஊசிக்காரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலைப் பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்ன வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டவர்களிடம், அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்டுக்கொண்டு போய்விடுவோம் என்றாள். சத்தம் போடவில்லை. கதவையும் மறிக்கவில்லை. மேலாளர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். கூடையிலிருந்த துணியை எடுத்து நாத்தனார் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள்.

ஊசிக்காரம்மா மருந்து எடுக்க வந்தவள் இதைப் பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டியைக் கீழே வைத்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் இப்படி உட்காரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மேலாளருக்கும் அது தெரியும்.

பதினொன்றரை மணிக்கு அவர் வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல், நடந்ததற்கு வருந்துகிறேன் என்று முணுமுணுத்தார்.

அண்ணி அசையவில்லை. “கவுன்ட்டர்ல நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்” என்றாள்.

கவுன்ட்டரில் பத்துப் பேர் பால் அட்டையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொட்டகை சுத்தமாகத்தான் இருந்தது, தவறு என்னுடையது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சொல்லும்போது அவர் காது மடல் சிவந்திருந்தது.

அண்ணி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் துணியை மடித்தாள். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் வெயிலில் இறங்கி வேகமாக நடந்தார்கள்.